லைஸ்னிக் நகரத்தின் பொதுப் பெட்டி

மனிதன் கடவுள்முன் நீதிமானாக நிற்பது கிறிஸ்துவின்மேல் வைக்கும் விசுவாசத்தால் மட்டுமே, செய்து குவித்த நற்கிரியைகளால் அன்று என்று மார்ட்டின் லூத்தர் போதிக்கத் தொடங்கியதும், எதிர்த்தரப்பு கேட்ட கேள்வி நியாயமானது. கொடுப்பதால் ஆன்மாவுக்கு ஆதாயம் ஏதுமில்லை என்று பிரசங்க பீடத்திலிருந்தே சொல்லிவிட்டால், நாளை ஏழைக்குக் கொடுக்கப்போவது யார்? பாவமன்னிப்புச் சீட்டுகளைப் பற்றி 1517-இல் எழுந்த சண்டையைச் சென்ற பகுதியில் பார்த்தோம். அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை இந்த ஒரு கேள்வியை வைத்தே அறியலாம். இறையியலாளர்கள் இதற்கு வேதவசனங்களைக் கொண்டு பதில் சொன்னார்கள். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபம் ஒரு பக்கமும் யாக்கோபின் நிருபம் மறுபக்கமும் நின்றன. அந்த வாதத்துக்குப் பிறகு வருவோம். முதலில் பார்க்கவேண்டியவை ஊர்கள் தங்களுக்கு எழுதிவைத்துக்கொண்ட விதிகள்: தர்மப்பணம் எங்கிருந்து வந்தது, சாவி யார் கையில் இருந்தது, கடைசியில் யாரிடம் போனது. அவற்றைப் படித்தபின் எனக்குத் தோன்றும் முடிவு இது. புதிய போதனை நற்கிரியையின் திசையை மாற்றியது. கொடுப்பவரின் ஆன்மாவை நோக்கியிருந்த தர்மம் வாங்குபவரின் தேவையை நோக்கித் திரும்பியது. அந்தத் திருப்பம் பாதியில் தடுமாறியது, சில இடங்களில் தோற்றும் போனது. ஆனாலும் அது நடந்தது.

பழைய தர்ம முறையை இழிவாகப் பேசிப் புதியதை உயர்த்துவது எளிது. அது நேர்மையாகாது. மத்திய கால ஐரோப்பாவில் ஏழைக்குச் சோறும் நோயாளிக்குப் படுக்கையும் கிடைத்தது என்றால், அவை பெரும்பாலும் நற்கிரியையால் புண்ணியம் சேரும் என்று நம்பியவர்களின் கையிலிருந்துதான் கிடைத்தன. 1228-இல் மார்புர்கில் மருத்துவ இல்லம் கட்டி அங்கே தானே நோயாளிகளுக்குப் பணிசெய்த அரசகுமாரி எலிசபெத்தை எந்த இறையியலும் சிறுமைப்படுத்த முடியாது. என்றாலும் அந்த அமைப்புக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இறந்தவரின் ஆன்மா உத்தரிக்கிற ஸ்தலத்தில் தவிக்கும் காலத்தைக் குறைக்க, உயிரோடிருப்பவர்களின் பூசைகளும் தர்மங்களும் ஜெபங்களும் உதவும் என்று சபை போதித்தது. ஏழையின் ஜெபத்துக்குக் கடவுளிடம் தனி மதிப்பு உண்டு என்றும் மக்கள் நம்பினார்கள். ஆகவே செல்வர் வீட்டுச் சவ அடக்கத்தில் ஏழைகளுக்குக் காசும் அப்பமும் கொடுக்கப்பட்டன. வாங்கியவர்கள் போனவருக்காக ஜெபிக்கவேண்டும். லூத்தர் பாடம் நடத்திய விட்டன்பெர்கிலேயே, சாக்சனி இளவரசர் ஃபிரெட்ரிக் தம் கோட்டைக் கோவிலில் சேர்த்துவைத்திருந்த திருப்பண்டங்கள் 1509-இல் 5,005. 1520-க்குள் அவை 19,013 ஆகப் பெருகின. அவற்றை வணங்கிக் காணிக்கை இட்டவர்களுக்கு உத்தரிப்பு ஆண்டுகள் குறையும் என்பதே அந்தச் சேகரிப்பின் பயன். அங்கே சேர்ந்த பணமும் மெழுகும் உழைப்பும் பக்தியிலிருந்து பிறந்தவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த பக்தி யாருடைய பசியைத் தீர்த்தது என்பதே கேள்வி.

இந்தக் கணக்கின் மிகச் சிறந்த வடிவத்தைப் பார்க்க அவுக்ஸ்புர்குக்குப் போகவேண்டும். பாவமன்னிப்புச் சீட்டு விற்பனைக்குப் பின்னால் இருந்த கடனைக் கொடுத்த வணிகர் யாக்கோப் ஃபுக்கர், 1521-இல் அந்நகரின் ஏழைக் குடும்பங்களுக்காக ஒரு குடியிருப்பை அறக்கட்டளையாக எழுதிவைத்தார். வாடகை ஆண்டுக்கு ஒரு ரைன் கில்டர். குடியிருப்பவர்கள் ஃபுக்கர் குடும்பத்தாரின் ஆன்மாக்களுக்காக நாள்தோறும் கர்த்தர் கற்பித்த ஜெபம், மங்கள வார்த்தை ஜெபம், விசுவாசப் பிரமாணம் மூன்றையும் சொல்லவேண்டும். ஃபுக்கராய் என்று பெயர்பெற்ற அந்தக் குடியிருப்பில் ஐந்நூறு ஆண்டுகள் கழித்து இன்றும் ஏழைகள் வாழ்கிறார்கள், ஒரு யூரோவுக்கும் குறைவான ஆண்டு வாடகையில். ‘புண்ணியக் கணக்கு கட்டிய வீடு இன்னும் நிற்கிறது, உங்கள் விசுவாசம் கட்டிய வீடு எங்கே?’ என்று ஒருவர் கேட்டால் அது விளையாட்டுக் கேள்வியாகாது. இந்தப் பகுதியில் நான் எதிர்கொள்ளவேண்டிய மிகக் கடினமான மறுப்பும் அதுவே.

லூத்தரின் தரப்பு என்ன? 1517-இல் அவர் வெளியிட்ட 95 கருத்துரைகளிலேயே இதன் விதை இருக்கிறது. ஏழைக்குக் கொடுப்பவனும் கேட்டவனுக்குக் கடன் தருபவனும் சீட்டு வாங்குபவனைவிட நல்லதைச் செய்கிறார்கள் என்பது அவற்றில் 43-ஆவது கருத்துரையின் சாரம். 1519-இல் நற்கருணை பற்றிய பிரசங்க நூலில் பக்திச் சங்கங்களைக் கண்டித்தார். ஒரே தொழில் செய்பவர்கள் சங்கமாகச் சேர்ந்து விருந்துக்கும் பீருக்கும் செலவிடும் பணத்தைப் பொது நிதியாக வைத்து, நொடித்துப்போன சக தொழிலாளியைத் தூக்கிவிடலாமே என்று கேட்டார். 1520-இல் நற்கிரியைகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவரை நற்கிரியையின் பகைவன் என்று அழைத்தவர்கள் இந்த நூலை எண்ணிப்பார்க்கவில்லை. அதே ஆண்டு வெளிவந்த கிறிஸ்தவனின் சுதந்திரம் பற்றிய நூலில் வாதம் முழுமை பெறுகிறது. மீட்பு ஏற்கெனவே கிருபையாகக் கிடைத்துவிட்டது. அதனால் கிறிஸ்தவன் தன் செயல்களைக் கொண்டு கடவுளிடம் எதையும் சம்பாதிக்கவேண்டிய நிலையில் இல்லை. அப்படிச் சம்பாதிக்கத் தேவையற்றுப்போன செயல்களெல்லாம் இனி யாருக்கு? அயலானுக்கு. கடவுளுக்கு நம் கிரியை தேவையில்லை, பக்கத்து வீட்டுக்காரனுக்கு அது தேவை. இந்த வாதத்தின் வலிமை அதன் எளிமையில் இருக்கிறது. உன் தர்மத்தில் உனக்குப் பங்கு கேட்கும்வரை அது பாதி உனக்கே போகிறது என்று அது உணர்த்துகிறது.

இது ஏட்டோடு நிற்கவில்லை. வோர்ம்ஸ் பேரரசுப் பேரவையில் தண்டனை பெற்ற லூத்தர் வார்ட்புர்க் கோட்டையில் மறைந்திருந்த நேரத்தில், 1522 ஜனவரி 24 அன்று, விட்டன்பெர்க் நகரசபை ஒரு சட்டம் இயற்றியது. அதன் பின்னால் இருந்தவர்களுள் முக்கியமானவர் லூத்தரின் சக பேராசிரியர் கார்ல்ஸ்டாட். கிறிஸ்தவர்களிடையே பிச்சைக்காரரே இருக்கக்கூடாது என்று அவர் அதே ஆண்டில் நூல் எழுதினார். சபையின் வருமானங்கள், பக்திச் சங்கங்களின் சொத்துகள் ஆகியவற்றை ஒரே பொதுப் பெட்டியில் சேர்த்து அதிலிருந்து ஏழைகளைக் காப்பது என்று சட்டம் சொன்னது. பிச்சையெடுப்பது தடைசெய்யப்பட்டது, இரந்துண்ணும் துறவியருக்கும் அதே தடை. கூடிய வட்டியில் சிக்கிய குடிமக்களுக்கு நூற்றுக்கு நான்கு வட்டியில் கடனை மாற்றிக் கொடுக்கவும் இடம் வைத்தார்கள். பிச்சைக்காசு ஒருவனுடைய இன்றைய பசியைத் தீர்க்கும். வட்டிக் கடனை மாற்றிக் கொடுப்பது அவன் பிச்சைக்காரன் ஆகாமல் தடுக்கும். மார்ச் மாதம் திரும்பிவந்த லூத்தர் வழிபாட்டில் அவசரமாகச் செய்யப்பட்ட மாற்றங்கள் பலவற்றை நிறுத்திவைத்தார். பொதுப் பெட்டியை அவர் தொடவில்லை.

அடுத்த ஆண்டு முல்டே ஆற்றங்கரையில் இருந்த லைஸ்னிக் என்ற சிற்றூர் எழுதிய விதி இன்னும் விரிவானது. லூத்தரே முன்னுரை எழுதி அதை அச்சிட்டுப் பரப்பினார். ஆண்டுதோறும் பத்துப் பேரைத் தேர்ந்தெடுப்பார்கள்: பிரபுக்கள் இருவர், நகரசபையினர் இருவர், நகரத்துப் பொதுக் குடிமக்கள் மூவர், சுற்றுக் கிராமங்களின் விவசாயிகள் மூவர். பெட்டிக்கு நான்கு பூட்டுகள். ஒவ்வொரு தரப்பிடமும் ஒரு சாவி. நான்கு சாவியும் ஒன்றுசேராமல் பெட்டி திறக்காது. ஞாயிறுதோறும் பதினொரு மணிமுதல் இரண்டு மணிவரை பத்துப் பேரும் கூடவேண்டும், கணக்கு எழுதவேண்டும், ஆண்டுக்கு மூன்று முறை ஊர்க்கூட்டத்தில் அதைப் படித்துக் காட்டவேண்டும். போதகரின் சம்பளம், பள்ளி ஆசிரியரின் சம்பளம், சிறுமிகளுக்குக் கற்பிக்க ஒரு மூத்த பெண்மணி, அநாதைகள், முதியோர், பஞ்சகாலத்துக்கான தானியச் சேமிப்பு எல்லாம் இந்த ஒரு பெட்டியிலிருந்து. தொழில் நொடித்த கைவினைஞருக்குக் கடன் உண்டு. உண்மையாக உழைத்தும் திருப்ப முடியாமல் போனால் கடவுள் பெயரால் தள்ளுபடி. வருமானம் போதாதபோது பிரபுவும் குடிமகனும் விவசாயியும் தத்தம் வசதிக்கேற்ப ஆண்டுதோறும் கட்டாயமாகச் செலுத்தவேண்டும். இந்த விதிகளில் வாங்குபவன் எந்த ஜெபத்தையும் சொல்லவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. கொடுத்தவரின் பெயரை அவன் அறியவும் தேவையில்லை. ஃபுக்கராயின் அறக்கட்டளைப் பத்திரத்துக்கும் இதற்கும் இடையே இரண்டே ஆண்டுகள்தான். இரண்டிலும் ஏழைக்கு உதவி இருக்கிறது. ஒன்றில் ஏழை, செல்வரின் மீட்புக்குத் துணைநிற்பவன். மற்றொன்றில் அவன் ஊரின் உறுப்பினன். அவன் வகுப்பைச் சேர்ந்த விவசாயி கையிலேயே ஒரு சாவி தொங்குகிறது. நான் சொன்ன திசைமாற்றம் இதுதான்.

இனி மறுப்புகள். லைஸ்னிக் திட்டம் உடனே சிக்கலில் விழுந்தது. பழைய அறக்கட்டளைச் சொத்துகளைப் பெட்டியில் ஒப்படைக்க நகரசபை மறுத்தது. லூத்தர் இளவரசருக்குக் கடிதம் எழுதியும் விரைவில் வழி பிறக்கவில்லை. மற்ற இடங்களிலும் மடங்களின் நிலங்களைப் பிரபுக்கள் விழுங்கினார்கள். இப்படிப் பறிப்பார்கள் என்று லூத்தர் தம் முன்னுரையிலேயே எச்சரித்திருந்தார். அதைவிட அவரை வருத்தியது சாதாரண மக்களின் மனம். போப்பின் காலத்தில் கை நிறையக் கொடுத்தவர்கள் இப்போது சல்லிக்காசு கொடுக்க யோசிக்கிறார்கள் என்று அவரே பலமுறை புலம்பியிருக்கிறார். 1530-இன் தொடக்கத்தில் விட்டன்பெர்க் மக்களின் நன்றிகெட்டதனத்தால் மனம் கசந்து, சிலகாலம் அவர்களுக்குப் பிரசங்கம் செய்வதையே நிறுத்தினார். இதைக் காட்டிக் கத்தோலிக்கத் தரப்பு, ‘பார்த்தீர்களா, நாங்கள் சொன்னதே நடந்தது’ என்றது. அந்தக் கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. நரகபயத்தாலும் உத்தரிப்பு பயத்தாலும் கொடுத்துவந்தவர்கள், பயம் நீங்கியதும் நிறுத்தினார்கள். ஆனால் அது எதை நிரூபிக்கிறது? முன்பு கொடுத்ததில் எவ்வளவு பயத்துக்காகக் கொடுக்கப்பட்டது என்பதையே. அந்தப் பயத்தை மீண்டும் ஊட்டிப் பெட்டியை நிரப்பும் வழி லூத்தருக்குத் திறந்தே இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. மாறாக, அன்பு தானாக ஊறும்வரை காத்திருக்காமல், ஊரார் கட்டாய வரியையும் கணக்கையும் விதிகளில் சேர்த்தார்கள். லைஸ்னிக் விதியை எழுதியவர்கள் விசுவாசிகளின் மனதை அவ்வளவாக நம்பவில்லை என்பதற்கு அந்த நான்கு பூட்டுகளே சாட்சி, அதில் நான் ஒரு முதிர்ச்சியைக் காண்கிறேன்.

ஃபுக்கராயைப் பற்றிய கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லவேண்டும். அது நிலைத்ததற்குப் பெரிய காரணம், ஒரு மாபெரும் செல்வர் எழுதிவைத்த மூலதனமும் அதைப் பிரிக்கவிடாத பத்திரமும். லைஸ்னிக்கிடம் அது இல்லை. அங்கே இருந்தது ஆண்டுதோறும் மனிதர்கள் புதிதாக ஒப்புக்கொள்ளவேண்டிய ஓர் உடன்பாடு. நிலைத்திருப்பதை மட்டும் அளவுகோலாக வைத்தால் செல்வரின் பத்திரமே வெல்லும், அதை ஒப்புக்கொள்கிறேன். வெளியூர்ப் பிச்சைக்காரனுக்கு இரண்டு இடத்திலும் இடமில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

அடுத்த மறுப்பு வரலாற்று ஆய்வாளர்களுடையது. ஏழை நிவாரணச் சீர்திருத்தம் லூத்தரின் சீடர்களுக்கு மட்டும் உரியதா? இல்லை. 1525-இல் கத்தோலிக்க நகரமான ஈப்ரே இதே போன்ற பொது நிதியை ஏற்படுத்தியது. 1526-இல் ஸ்பானிய மனிதநேய அறிஞர் வீவெஸ் புரூஜ் நகரத்துக்காக ஏழைகளுக்கு உதவுவது பற்றிய நூலை எழுதினார். 1530-களில் லியோன் நகரம் பொதுத் தர்ம நிதியைத் தொடங்கியது. நூர்ன்பெர்க்கில் லூத்தர் பிறப்பதற்கு முன்பே, 1478-இல், பிச்சையை ஒழுங்குபடுத்தும் விதிகள் இருந்தன. நகரங்கள் பெருகின, விலை ஏறியது, வேலை தேடி அலைந்தவர்கள் தெருவை நிறைத்தார்கள். எந்த மதத்து நகரசபையும் ஏதாவது செய்தே ஆகவேண்டியிருந்தது. ஆகையால் லூத்தரின் போதனைதான் பொதுப் பெட்டியைக் கண்டுபிடித்தது என்று சொன்னால் அது மிகை. அதன் பங்கு வேறு இடத்தில் இருக்கிறது. ஈப்ரேயின் திட்டத்தை எதிர்த்து அந்நகரின் இரந்துண்ணும் துறவியர் வாதிட்டார்கள். விவகாரம் பாரிஸ் இறையியலாளர்களிடம் போயிற்று. 1531-இல் அவர்கள் திட்டத்தை ஏற்றார்கள், ஆனால் துறவியரின் பிச்சைக்குத் தடை கூடாது என்ற வரம்போடு. அவர்களால் வேறுவிதமாகச் சொல்லியிருக்க முடியாது. தானாக ஏற்ற வறுமை புனித நிலை என்றால், பிச்சையைத் தீமை என்று முழுதாக அறிவிக்க இயலாது. விட்டன்பெர்கில் அந்த இறையியல் முட்டுக்கட்டையே இல்லை. வறுமையால் யாரும் புனிதராவதில்லை, ஏழையால் யாரும் மீட்புப் பெறுவதில்லை என்றான பிறகு, வறுமை களையப்படவேண்டிய துன்பம் மட்டுமே. நகரசபைகளிடம் ஏற்கெனவே இருந்த தேவைக்குப் போதனை அந்த முட்டுக்கட்டையை நீக்கிக் கொடுத்தது. அதன் பின் லூத்தரின் நண்பர் பூகன்ஹாகன் பிரவுன்ஷ்வைக் (1528), ஹம்பர்க் (1529), லூபெக் (1531) என்று நகரம் நகரமாகச் சபை ஒழுங்கு எழுதினார். அவற்றில் ஏழைகளுக்கான பெட்டி நிலையான உறுப்பாயிற்று.

இன்னொரு மறுப்பும் உண்டு. அதற்கு என்னிடம் நிறைவான பதில் இல்லை. 1525 மார்ச்சில் மெம்மிங்கனில் கூடிய விவசாயிகள் பன்னிரண்டு கோரிக்கைகளை எழுதினார்கள். தசமபாகத் தானியத்தில் போதகரின் தேவை போக மீதியை ஏழைகளுக்குக் கொடுக்கவேண்டும் என்பது இரண்டாவது கோரிக்கை. அது லைஸ்னிக் விதியின் குரலேதான். லூத்தர் அவர்களின் குறைகள் பலவும் நியாயம் என்று முதலில் ஒப்புக்கொண்டார், பிரபுக்களையும் கண்டித்தார். கலகம் வெடித்ததும் விவசாயிகளை இரக்கமின்றி வெட்டி வீழ்த்தும்படி பிரபுக்களை அழைத்து எழுதினார். பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். அயலானின் தேவையே கிரியையின் அளவுகோல் என்று போதித்தவரின் அன்பு, அயலான் உரிமையாகக் கேட்டு ஆயுதம் எடுத்த இடத்தில் நின்றுவிட்டது. அதைக் கலக காலத்துச் சூழல் என்று சொல்லி மன்னிக்க என்னால் முடியவில்லை. திசைமாற்றம் நடந்தது என்ற என் வாதத்துக்கு அது எதிர்ச்சான்று ஆகாது. அதன் எல்லை எங்கே போடப்பட்டது என்பதற்குச் சான்று.

இப்போது யாக்கோபின் நிருபம். 1522-இல் வெளியான புதிய ஏற்பாட்டு ஜெர்மன் மொழிபெயர்ப்பின் முன்னுரையில் லூத்தர் அந்த நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டு மதிப்புக் குறைத்தார். எதிரிகள் அதை மறக்கவே இல்லை. ஆனால் அதே புத்தகத்தில் ரோமர் நிருபத்துக்கு அவர் எழுதிய முன்னுரையைப் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும். விசுவாசம் உயிருள்ளது, நல்லது செய்யாமல் இருக்க அதனால் முடியாது என்பதே அங்கே அவர் வற்புறுத்துவது. கிரியையற்ற விசுவாசம் செத்தது என்று யாக்கோபு சொன்னதற்கும் இதற்கும் நடைமுறையில் இடைவெளி குறைவு. லூத்தர் அந்த நிருபத்தைப் பொறுமையாகப் படித்திருந்தால் வீண் சண்டைகள் பல குறைந்திருக்கும். 1530-இன் அவுக்ஸ்புர்க் விசுவாச அறிக்கை, நாங்கள் நற்கிரியைகளைத் தடுக்கவில்லை என்று இருபதாம் பிரிவில் நீளமாக விளக்கவேண்டி வந்தது. லூத்தர் இறந்த பின் அவருடைய சீடர்களே பிளந்தார்கள். மீட்புக்கு நற்கிரியை அவசியம் என்று 1552-இல் கியோர்க் மாயோர் எழுத, 1559-இல் ஆம்ஸ்டார்ஃப் அவை மீட்புக்குக் கேடு என்று சொல்லும் அளவுக்குப் போனார். 1577-இன் ஒப்புரவு உடன்படிக்கை இரண்டையும் தள்ளியது. மறுபக்கத்தில் 1547 ஜனவரி 13 அன்று கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் விசுவாசம் மட்டும் என்ற கருத்தைக் கண்டித்தது. ஆனால் கிருபையின்றித் தன் கிரியையால் மட்டும் எவனும் நீதிமானாக முடியாது என்பதே அச்சங்கத்தின் முதல் விதி. இருதரப்பும் இதில் உள்ள ஒற்றுமையைச் சேர்ந்து அறிவிக்க 1999 அக்டோபர் 31 வரை, அதே அவுக்ஸ்புர்கில் கூட்டறிக்கையில் கையெழுத்திடும்வரை, காத்திருக்கவேண்டியதாயிற்று.

நூற்றைம்பது ஆண்டுகளில் லூத்தரன் சபை கோட்பாட்டைக் காத்துக்கொண்டு செயலில் குளிர்ந்துபோயிற்று என்ற குறை அதன் உள்ளேயிருந்தே எழுந்தது. ஹாலே நகரின் புறத்தே கிளௌகாவில் போதகராக இருந்த அவுகுஸ்ட் ஹெர்மான் ஃபிராங்கே, 1695-இல் தம் வீட்டில் வைத்திருந்த தர்மப் பெட்டியில் 4 தாலரும் 16 குரோஷனும் கிடந்ததைக் கண்டு, அதை முதலாக வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1698-இல் அநாதை இல்லத்துக்கு அடிக்கல் நட்டார். 1727-இல் அவர் இறந்தபோது அங்கே படித்த பிள்ளைகள் இரண்டாயிரத்துக்கு மேல். அந்த ஹாலேயில் படித்தவர்களே 1706 ஜூலை 9 அன்று டேனிஷ் கோட்டை இருந்த தரங்கம்பாடியில் வந்திறங்கிய பார்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்ரிக் புளூட்சோவும். அடுத்த ஆண்டே அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாயிற்று. ஐரோப்பாவின் சண்டையும் அவர்களோடு கப்பலேறி வந்தது. கத்தோலிக்கத் துறவியான வீரமாமுனிவர் தரங்கம்பாடிச் சபையை எதிர்த்து 1728-இல் ‘வேதவிளக்கம்’ எழுதினார், பின்னர் ‘பேதகமறுத்தல்’ எழுதினார். தமிழ் உரைநடையின் தொடக்க காலத்து வலுவான வாதங்களுள் சில அப்படித்தான் பிறந்தன. அவற்றையும் தரங்கம்பாடியார் சொன்ன மறுமொழிகளையும் அடுத்த பகுதியில் எடுத்துக்கொள்வோம்.